சீமைப் படிப்பும் செலவுக் கணக்கும்

உயர்தரக் கல்வியை நாடி இங்கிலாந்துக்குப் பிரயாணமாகும் நமது வாலிபர்களில் பலர் செல்வச் சீமான்களின் புதல்வர்களல்லர். தாயாரின் நகையும் தகப்பனாரின் நிலமும் அடகுக்குப் போன பின்னரே அவர்கள் விமானமேறுகின்றனர். ஆகவே, அங்கு ஜீவனம் நடத்தும் செலவைக் குறித்துச் சில வார்த்தைகள் கூறுதல் நமது கடமையாகும்.

பிரிட்டிஷ் சர்க்கார் 2025 நவம்பரில் உயர்த்திய விதிப்படி, மாணவர் விசா கோருவோர் லண்டனில் படிப்பதாயின் மாதம் 1,529 பவுனும், லண்டனுக்கு வெளியே படிப்பதாயின் 1,171 பவுனும், ஒன்பது மாதம் வரைக்கும் கணக்கிட்டுக் காட்டவேண்டும். லண்டனுக்கு இது 13,761 பவுனாகிறது. இத்தொகை பாங்கியில் 28 நாள் தொடர்ந்து இருந்தால் போதும். மோசம் நேருவது இங்கேதான். கைமாற்று வாங்கிக் காட்டிவிட்டு, விசா வந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுவோர் உண்டு. சர்க்காருக்குக் காட்டும் கணக்கு வேறு. வயிற்றுக்குச் சொல்லவேண்டிய கணக்கு வேறு. மேலும், அங்கே எம்.எஸ்ஸி. படிப்பு பெரும்பாலும் பன்னிரண்டு மாதம். எஞ்சிய மூன்று மாத வாடகையை யார் கொடுப்பது?

"பகுதிநேர வேலை செய்து சமாளிக்கலாம்" என்று தரகர்கள் தைரியம் கூறுகின்றனர். பட்டப்படிப்பு மாணவர், பாடத் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் உழைக்க விதி இடங்கொடாது. 21 வயது நிரம்பியோர்க்கு 2026 ஏப்ரல் முதல் சட்டம் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12 பவுன் 71 பென்ஸ். ஒரு வாரமும் தவறாது வேலை கிடைத்தாலும், அக்கூலி மாதம் 1,100 பவுனைச் சற்றே தாண்டும். லண்டனுக்கு வெளியே வேண்டிய தொகைக்கே அது காணாது. வேலையோ இறங்கிய அன்றே கிடைப்பதன்று. வாடகை வீட்டுக்கு ஐந்து வார வாடகை வரை முன்பணம் வாங்கவும் அந்நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறது.

ஆயினும் சிக்கனத்தால் ஆகக்கூடியதும் உண்டு. 1888-இல் லண்டன் சென்ற மகாத்மா காந்தி ஒவ்வொரு காசுக்கும் கணக்கெழுதினார். ஒற்றை அறைக்குக் குடிபெயர்ந்தார். ஓட்ஸ் கஞ்சியும் கொக்கோவும் தாமே காய்ச்சிக்கொண்டார். வண்டிச் சத்தத்தை மிச்சப்படுத்தக் கால்நடையாகவே சென்றார். அதனால் அவருடைய படிப்பு கெடவில்லை. ஆனால் சிக்கனம் இருப்பதைக் காக்குமேயன்றி, இல்லாததை உண்டாக்காது.

பெற்றோர்க்கு நாம் கூறுவது இதுதான்: பன்னிரண்டு மாதச் செலவையும் முன்கூட்டியே கணக்கிடுங்கள்; வரப்போகும் கூலியை அக்கணக்கில் சேர்க்காதீர்கள். பணம் போதாதெனில் ஓராண்டு பொறுத்து அனுப்புங்கள். பொறுப்பதில் அவமானமில்லை. அந்நிய மண்ணில் அரைப் பட்டினியோடு படித்து, பாதியில் கடனோடு திரும்புவதே பெருநஷ்டம்.