கழித்தல் கணக்கு

நமது நண்பர் ஒருவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராயிருந்து ஓய்வு பெற்றவர். நீரிழிவு அவருடைய கால் நரம்புகளைத் தாக்கியது. இரவெல்லாம் உள்ளங்காலில் நெருப்பைக் கொட்டினாற்போல் எரிந்தது. வைத்தியர் டூலாக்ஸ்டின் என்னும் மருந்தை நாளொன்றுக்கு 60 மில்லிகிராம் வீதம் கொடுத்தார். எரிச்சல் தணிந்தது, தூக்கமும் வந்தது. ஒரு வருஷம் சுகமாகக் கழிந்தது.

ஒரு நாள் மருந்துடன் வந்த காகிதத்தை நண்பர் படித்துப் பார்த்தார். மனச்சோர்வுக்குரிய மருந்து என்று அதில் கண்டிருந்தது. "எனக்கென்ன சித்தப் பிரமையா?" என்று வெகுண்டு, அன்றைக்கே நிறுத்திவிட்டார்.

மூன்றாம் நாள் தலை சுழன்றது, வயிற்றைக் குமட்டியது, கண்ணைத் திருப்பினால் தலைக்குள் மின்சாரம் பாய்ந்தாற்போலிருந்தது. காரணமில்லாமல் மனைவி மேல் எரிந்து விழுந்தார்; பிறகு கண்ணீர் விட்டார். "பார்த்தீரா, ஓய்! உண்மையிலேயே எனக்குச் சித்தம் கலங்கிவிட்டது" என்று நம்மிடம் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது.

சித்தம் கலங்கவில்லை, அன்பர்களே! விஷயம் இதுதான். வலியின் செய்தி முதுகுத்தண்டு வழியாக மூளைக்கு ஏறுகிறது. மூளையிலிருந்து இறங்கி அதை மட்டுப்படுத்தும் நரம்புகளும் உண்டு. செரோடோனின், நார்அட்ரினலின் என்னும் இரண்டு இரசாயனப் பொருள்கள் அந்த நரம்புகளுக்குத் துணை. நரம்பு முனைகள் அவற்றைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளாமல் இம்மருந்து தடுக்கிறது. மனச்சோர்வுக்கும் அதுவே உதவுகிறது. அமெரிக்க அரசாங்கத்தார் 2004-ஆம் ஆண்டில் இரண்டு வியாதிகளுக்குமே இதை அனுமதித்தார்கள். இதில் வெட்கத்துக்கு இடம் ஏது?

மாதக்கணக்கில் உட்கொண்டால் மூளை மருந்துக்குப் பழகிவிடுகிறது. உட்கொண்டதில் பாதி சுமார் 12 மணி நேரத்தில் உடலை விட்டு நீங்கிவிடுவதால், திடீரென்று நிறுத்தினால் தடுமாற்றம் சீக்கிரமே தெரிகிறது. பழைய வியாதி திரும்புவதென்றால் பெரும்பாலும் மெல்ல மெல்லத் திரும்பும். முன்பு இல்லாத மின்னதிர்ச்சி சில நாளிலேயே தோன்றினால், மருந்தை விட்டதன் விளைவென்று சந்தேகிக்க வேண்டும்.

மார்க் ஹோரோவிட்ஸ், டேவிட் டெய்லர் என்ற இரு வைத்திய அறிஞர்கள் இத்தகைய மருந்துகளை விடும் முறையைப் பற்றி 2019-இல் எழுதினார்கள். அளவு குறையக் குறைய, ஒவ்வொரு படியும் முந்தியதைவிடச் சிறிதாயிருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. ஏனெனில் சிறு அளவும் மூளையில் பெரிய வேலை செய்கிறது. 60-லிருந்து 30-க்கு இறங்குவதைவிட, 30-லிருந்து பூஜ்யத்துக்குக் குதிப்பதே அதிகக் கஷ்டம்.

நமது நண்பர் வைத்தியரிடம் போனார். மருந்தை மறுபடி தொடங்கியதும் சில நாளில் தொந்தரவுகள் அடங்கின. பிறகு வைத்தியர் பல மாதங்களில் சிறுகச் சிறுகக் குறைத்தார். கால் எரிச்சலுக்கு வேறு ஏற்பாடும் செய்தார்.

வீட்டிலுள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த நாட்களில் அவர் சிடுசிடுத்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். குளிகையை நீங்களாகவே பிரிக்கவோ பொடிக்கவோ வேண்டாம். மருந்தைத் தொடங்கும் அன்றே, நிறுத்துவது எப்படி என்றும் வைத்தியரைக் கேட்டு வையுங்கள்.

நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கழித்தல் கணக்குக் கற்பித்த நண்பர், அதில் இத்தனை பொறுமை வேண்டும் என்று இப்போதுதான் தெரிந்துகொண்டாராம்!