ஒலி அமைப்பும் ஆய்வு முறையியலின் பகுதியே

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பெங்களூரு விவேக் நகரில் ஒரு பாட்டியின் வீட்டில் அமர்ந்திருந்தேன். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பகுதி அது. வியாழக்கிழமைகளில் குழந்தை இயேசு ஆலயத்திற்கு வரும் கூட்டத்தால் தெருவில் இரைச்சல் மிகுதி என்பதால், வேறொரு நாளைத் தேர்ந்திருந்தேன். சொல்லின் முதலில் வரும் சகரத்தை அங்குள்ள மூன்று தலைமுறையினர் எவ்வாறு ஒலிக்கின்றனர், கன்னடச் சூழல் அதில் மாற்றம் செய்திருக்கிறதா என்பது என் ஆய்வுக் கேள்விகளுள் ஒன்று.

மடிக்கணினியைத் திறந்தேன், இயங்குதளம் லினக்ஸ். யூஎஸ்பி ஒலிவாங்கியைச் செருகினேன். ஒலிப்பதிவு மென்பொருள் திறந்த வேகத்தில் மூடிக்கொண்டது. மீண்டும் திறந்தேன், மீண்டும் மூடியது. கணினியை அணைத்து ஏற்றினேன்; பயனில்லை. நான் இப்படிப் போராடிய முக்கால் மணி நேரமும் பாட்டி பேசிக்கொண்டேயிருந்தார். மணமாகி இந்த ஊருக்கு வந்தது, கன்னடம் கற்றது, முதல் வாடகை வீடு என எல்லாம் வந்தன. கைப்பேசியில் பதிந்திருக்கலாம், அந்தப் பதற்றத்தில் தோன்றவில்லை. அடுத்த வாரம் போனபோது, “அன்னைக்கே எல்லாத்தையும் சொல்லிட்டேனேப்பா” என்று ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார்.

லினக்ஸ் ஆய்வுக்கு ஒத்துவராது என்று நிறுவ இதை எழுதவில்லை. இத்தகைய தருணத்தில் நம் துறைகளில் வழக்கமாக எடுக்கப்படும் இரண்டு முடிவுகள், இயங்குதளத்தை அழித்து மீண்டும் நிறுவுதல் அல்லது வேறோர் இயங்குதளத்திற்கு ஓடுதல். இரண்டுமே தவறு என்பது என் கருத்து. இரண்டும் கோளாற்றை மறைக்கின்றன, காரணத்தைக் காட்டுவதில்லை.

அன்றிரவு நடந்தது இதுதான். மென்பொருளைப் படவுருவைச் சொடுக்கித் திறக்காமல், முனையத்தில் அதன் பெயரைத் தட்டச்சு செய்து இயக்கினேன். பிழைச் செய்திகள் வரிசையாக வந்தன. அவற்றுள் பல, கணினியில் இல்லாத கருவிகளையும் மென்பொருள் தேடிப் பார்ப்பதால் எழும் பொருளற்ற எச்சரிக்கைகள். மென்பொருள் சாவதற்கு முந்தைய கடைசி வரி மட்டும் முக்கியமானது. கேட்கப்பட்ட ஒலியட்டையில் பதிவு வசதி இல்லை என்றது அது. ஒலியட்டைகளின் பட்டியலை எடுத்தேன். ஒன்றாம் எண்ணில் இருந்தது திரைக்கு ஒலி அனுப்பும் எச்டிஎம்ஐ வெளியீடு. ஒலிவாங்கி இரண்டாம் எண்ணில் இருந்தது. ஆனால் என் முகப்புக் கோப்புறையில் மறைந்திருந்த ஓர் உள்ளமைவுக் கோப்பு, ‘ஒன்றாம் அட்டையிலிருந்தே பதிவு செய்’ என்று ஆணையிட்டிருந்தது. அந்தக் கோப்பை எழுதியவன் நானே. முந்தைய பதிவுகள் மங்கலாக இருப்பதாகத் தோன்றியதால், எங்கோ கண்ட தீர்வை அப்படியே நகலெடுத்து ஒட்டியிருந்தேன். அன்று ஒலிவாங்கி ஒன்றாம் எண்ணில் இருந்தது. கணினி ஏறும்போது கருவிகள் கண்டறியப்படும் வரிசையைப் பொறுத்து இவ்வெண்கள் மாறக்கூடும் என்பதை நான் அறிந்திருக்கவில்லை. கோப்பின் பெயரை மாற்றி ஒதுக்கிவைத்தவுடன் மென்பொருள் இயங்கியது.

நகலெடுத்த தீர்வுகள் ஏன் இப்படிக் காலை வாருகின்றன? லினக்ஸின் ஒலியமைப்பு பல காலத்து அடுக்குகளால் ஆனது. அடியில் கெர்னலோடு இருப்பது ஆல்சா. 2003இல் வந்த 2.6 பதிப்பிலிருந்து கெர்னலின் பகுதி. அதன்மேல், பல மென்பொருள்களின் ஒலியைக் கலந்து பங்கிடும் பல்ஸ்ஆடியோவை ஃபெடோரா 2007இலும் உபுண்டு 2008இலும் இயல்பாக்கின. பின்னர் விம் டேமன்ஸ் உருவாக்கிய பைப்வயர் வந்தது. ஃபெடோரா 2021இலும் உபுண்டு 2022இலும் அதற்கு மாறின. பழைய மென்பொருள்கள் கைவிடப்படாதிருக்க, பைப்வயர் முந்தைய அடுக்குகளின் மொழியையும் பேசுகிறது. ஆகவே 2009இன் அறிவுரையும் 2022இன் அறிவுரையும் ஒரே கணினியில் செல்லுபடியாவதுபோல் தோற்றமளிக்கின்றன. எந்தத் தீர்வு எந்த அடுக்கிற்குரியது என்று அறியாமல் ஒட்டுவது, பாடபேதம் பாராமல் சுவடியைப் பதிப்பிப்பதற்கு ஒப்பானது.

இதுவரை சொன்னது தொல்லை மட்டுமே. ஆபத்து பிறகுதான் தெரிந்தது. காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது, ‘மங்கலாக’ இருந்த பழைய இரண்டு பதிவுகளையும் ப்ராட் மென்பொருளில் திறந்தேன். நிறமாலை வரைபடத்தில் 4,000 ஹெர்ட்சுக்கு மேல் ஒன்றுமே இல்லை. கத்தியால் வெட்டியதுபோல் வெறுமை. அந்நாள்களில் நான் புளூடூத் காதணி அணிந்திருந்தேன். அதன் ஒலிவாங்கி பயன்படுத்தப்படும்போது இணைப்பு தொலைபேசி உரையாடலுக்கான முறைக்கு மாறும். அதன் பழைய குறிமுறையில் நொடிக்கு 8,000 மாதிரிகளே எடுக்கப்படும். மாதிரி எண்ணிக்கையின் பாதிக்கு மேற்பட்ட அதிர்வெண்களைப் பதிய இயலாது. ழகரத்தை அடையாளம் காட்டும் மூன்றாம் ஒலியலைச் செறிவு இவ்வரம்புக்குள் அடங்கிவிடும். ஆனால் ‘ஸ’ போன்ற உரசொலியின் ஆற்றலில் பெரும்பகுதி 4,000 ஹெர்ட்சுக்கு மேல்தான் உள்ளது. சொல் முதல் சகரம் உரசொலியா அடைப்புரசொலியா என்று அளக்க வந்தவனின் தரவில், அந்த உரசலின் பெரும்பகுதியே இல்லை. அப்பதிவுகளின்போது மென்பொருள் முடங்கவில்லை. ஓர் எச்சரிக்கைகூட வரவில்லை. அன்று அது முடங்கியிராவிட்டால், அந்த எண்களோடு ஒரு கட்டுரையை அனுப்பியிருப்பேன்.

முடங்கும் மென்பொருள், ஏதோ சரியில்லை என்று நம்மிடம் சொல்கிறது. தரவைச் சத்தமின்றி மாற்றும் அமைப்பு அதைச் சொல்வதில்லை. இரைச்சல் நீக்கம், தானியங்கி ஒலியளவுக் கட்டுப்பாடு, மாதிரி வீத மாற்றம் ஆகியவை எல்லா இயங்குதளங்களிலும் நடக்கின்றன. லினக்ஸில் அடுக்குகளைத் திறந்து பார்க்க வழி இருக்கிறது. மூடிய அமைப்புகளில் அவ்வழி குறைவு. ஆய்வாளருக்கு அவ்வழி பெரிது.

‘கணினி பழுதுபார்ப்பது ஆய்வாளரின் வேலையா?’ என்று மூத்த பேராசிரியர்கள் கேட்பதுண்டு. நேரமும் நிதியும் குறைந்த மாணவருக்கு இது கூடுதல் சுமை என்பது உண்மைதான். ஆயினும் வேதியியல் மாணவர் தராசைச் சரிபார்ப்பதைச் சுமை என்று நாம் சொல்வதில்லை. ஒலியனியல், நாட்டார் வழக்காறு, இசையாய்வு, பேச்சுத் தொழில்நுட்பம் ஆகியவற்றில் கணினியின் ஒலிப்பாதையே தராசு. இன்று காமன் வாய்ஸ் போன்ற திறந்த தரவுத்தொகுப்புகளில் தமிழ்க் குரல்களும் சேர்கின்றன. நம் ஒலிவாங்கியின் பிழை நம் ஆய்வேட்டோடு நிற்காது. நாளை இயந்திரங்கள் தமிழைக் கேட்கும் முறையிலும் கலந்துவிடும்.

எனவே துறைகளுக்குச் சில பரிந்துரைகள். ஆய்வேட்டின் முறையியல் இயலில் ஒலிவாங்கியின் வகை, மாதிரி வீதம், இயங்குதளமும் ஒலிச் சேவையகமும் அவற்றின் பதிப்பும் கட்டாயம் குறிக்கப்பட வேண்டும். களத்திற்குச் செல்லும் முன் ஒரு நிமிடச் சோதனைப் பதிவு எடுத்து, அதன் நிறமாலையைக் கண்ணால் பார்க்க வேண்டும். மென்பொருள் முடங்கினால் முனையத்தில் இயக்கிக் கடைசி வரியைப் படியுங்கள். புதிய பயனர் கணக்கு ஒன்றில் இயக்கிப் பாருங்கள். அங்கே இயங்கினால் பிழை பெரும்பாலும் உங்கள் சொந்த அமைப்பில்தான் இருக்கும். உள்ளமைவுக் கோப்புகளை அழிக்காமல் பெயர் மாற்றி வையுங்கள். ஒருமுறைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். அட்டையை எண்ணால் சுட்டாமல் பெயரால் சுட்டுங்கள். ஒரு கருவி இல்லை என்பதற்காக மென்பொருள் முடங்குவது அதன் குறையும்கூட. அதை உருவாக்குநர்களுக்கு முறையாகத் தெரிவியுங்கள். கண்டறிந்த காரணத்தைத் துறையின் பொதுக் குறிப்பேட்டில் தமிழில் எழுதிவையுங்கள். அடுத்த ஆண்டு வரும் மாணவர் அதே இரவை மீண்டும் கழிக்க வேண்டியதில்லை.

நான் அந்த இரண்டு பதிவுகளையும் சகர ஆய்விலிருந்து விலக்கிவிட்டேன். காரணத்தை ஆய்வேட்டில் எழுதுகிறேன். பாட்டி அன்று சொன்ன முக்கால் மணி நேரக் கதை என் நினைவில் மட்டுமே இருக்கிறது. அதைத் தரவு என்று கொள்ள முடியாது.