உடற்பருமனும் உயிரணுவின் முடிவும்

உடல் பருத்தலைச் செல்வத்தின் அடையாளம் என்பர் சிலர். சோம்பலின் கூலி என்பர் வேறு சிலர். இவ்விரு கூற்றும் புறத்தோற்றத்தளவில் நின்றுவிடுவன. உடற்பருமன் உள்ளே நிகழும் ஓர் ஒழுங்குக்கேடு என்பதே எமது துணிபு.

நம் உயிரணுக்கள் தனித்து வாழ்வன அல்ல. வளர்க, ஓய்க, மடிக என்னும் ஆணைகளை அவை இரசாயனத் தூதுகளால் ஒன்றுக்கொன்று அறிவிக்கின்றன. கருவில் நம் விரல்கள் தனித்தனியே பிரிவது, இடையிலுள்ள உயிரணுக்கள் உரிய காலத்தில் மடிவதனாலேயாம். இம்முறையான மடிவிற்கு 1972-ஆம் ஆண்டில் கெர், வில்லி, கரி என்னும் மூவர் ‘அபோப்டோசிஸ்’ எனப் பெயரிட்டனர். இலை உதிர்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. பழுத்த இலை உதிர்தல் மரத்திற்குக் கேடன்று. தளிர் உதிர்தலும் பழுப்பு உதிராமையுமே கேடு.

உடற்பருமன் இவ்விரு கேட்டிற்கும் வழிசெய்கிறது. கொழுப்பணுவை வெறும் சேமக்கலமென்றே பலர் எண்ணியிருந்தனர். 1994-இல் பிரீட்மன் குழுவினர் லெப்டினுக்குரிய மரபணுவைச் சுண்டெலியிற் கண்டபின், கொழுப்பும் மூளைக்குத் தூது விடுக்கும் என்பது தெளிவாயிற்று. ‘உணவு போதும்’ என்பதே அத்தூது. கொழுப்பு மிகுந்தால் லெப்டினும் மிகும். ஆயினும் மூளை அதற்குச் செவிகொடாதாகிறது. அளவிறந்து பருத்த கொழுப்பணுக்கள் சில மடிய, வெள்ளணுக்கள் அவற்றைச் சூழ்ந்து திரள, அழற்சி மூள்கிறது. அவ்வழற்சி இன்சுலினின் ஆணையையும் தடுக்கிறது. அதனை ஈடுசெய்யக் கணையம் மேன்மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. நாளடைவில் சிலருக்கு அதனைச் சுரக்கும் உயிரணுக்களே நலிந்து மடிய, நீரிழிவு தோன்றும். இது தளிர் உதிர்தல். மிகுந்த இன்சுலினோ ‘வளர்க, மடியற்க’ என்று பிற உயிரணுக்களை ஏவுவதால், மடியவேண்டிய பழுதுற்ற அணுக்களும் பிழைத்திருக்க இடமுண்டாகிறது. இது பழுப்பு உதிராமை. மிகுகொழுப்போடு தொடர்புடைய புற்றுநோய்கள் 13 வகை என உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுக்கழகம் 2016-இல் முடிவு செய்தது.

நிலைமை இதுவாக, விடுதி உணவறையிற் பருத்த மாணவருக்குப் பட்டப்பெயர் இட்டு நகைத்தல் அறிவுடையார் செயலாமோ? பசியடக்கும் தூது சென்று சேராதவரை நாவடக்கமிலார் எனப் பழித்தல் நீதியன்று. பழிப்புக்கு அஞ்சியவர் மருத்துவரை நாடவும் கூசுவர். தொந்தியை வளமெனப் போற்றுதலும் தீதே. நம் நாட்டினர்க்கு மெலிந்த தோற்றத்திலும் வயிற்றுக்கொழுப்பு மிகுந்து நீரிழிவு வருதல் உண்டு.

எடையில் நூற்றுக்கு 5 பங்கு குறையினும் இன்சுலினின் ஆணை முன்னினும் நன்கு செல்லத் தொடங்கும். ஆதலின், நண்பர்காள், நகைப்பை விடுத்து, மாலையில் அத்தோழரையும் உடன் அழைத்துக்கொண்டு விளையாட்டுத் திடலுக்குச் செல்வோமாக.