வளைகிற பேட்டரியும் கூக்கால் இருட்டும்



போன மழையில் மரம் விழுந்து எங்கள் ஊரில் மூன்று நாள் கரண்ட் இல்லை. இரண்டாம் நாள் ராத்திரி பக்கத்து வீட்டு அம்மாவுக்கு நெஞ்சுவலி. கொடைக்கானல் போக வண்டி நிற்கும் ரோடு வரைக்கும் இருட்டில் நடக்க வேண்டும். வழியில் காட்டுமாடு நிற்கும். என் எமர்ஜென்சி விளக்கு ஐந்தே நிமிடத்தில் அணைந்துவிட்டது. வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. யாரோ ஒரு பையனின் செல்போன் வெளிச்சத்தில் போய்ச் சேர்ந்தோம். அந்த அம்மா பிழைத்துக்கொண்டார்.

பிறகுதான் 'கிராஃபீன் படலம்', 'வளைகிற பேட்டரி' என்று வரும் செய்திகளை உட்கார்ந்து படித்தேன்.

புதுச்சேரியில் பிரெஞ்சில் பாடம் படித்தவன் நான். ஈய பேட்டரியை 1859-ல் கண்டுபிடித்த பிளாந்தே பிரெஞ்சுக்காரர் என்று எங்கள் வாத்தியாருக்கு ஒரே பெருமை. இன்றைக்கும் வீட்டு இன்வெர்ட்டரில் பெரும்பாலும் இருப்பது அந்த ஈயமும் அமிலமும்தான். அதில் ஒவ்வொரு முறை மின்சாரம் ஏறி இறங்கும்போதும் உள்ளே ரசாயன மாற்றம் நடக்கிறது. விருந்தாளி வீட்டுக்குள் வந்து போகப் போகச் சுவர் பெயர்கிற மாதிரி, தகடு நைந்துபோகிறது.

சூப்பர் கெப்பாசிட்டர் வேறு வகை. அதில் மின்னூட்டம் திண்ணையில் உட்கார்ந்து எழுந்து போவதுபோல மேற்பரப்போடு சரி. அதனால் சில விநாடிகளில் ஏறும், லட்சக்கணக்கான தடவை தாங்கும். திண்ணை பெரிதாக வேண்டும், அவ்வளவுதான். ஓர் அணு தடிமனுள்ள கரித்தாள்தான் கிராஃபீன். 2004-ல் மான்செஸ்டரில் கெய்ம், நோவோசெலோவ் இருவரும் சாதாரண ஒட்டும் டேப்பால் கிராஃபைட்டிலிருந்து அதை உரித்தெடுத்தார்கள். 2010-ல் நோபல் பரிசு பெற்றார்கள். கணக்குப்படி ஒரு கிராமுக்கு 2,630 சதுர மீட்டர் பரப்பு. நம் கணக்கில் 65 சென்ட்! அதைப் படலமாக்கினால் வளைத்தாலும் உடையாது. ஆனால் ஈர அப்பளம்போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் பரப்பு போய்விடும். ஆராய்ச்சியாளர்களின் பாடு பெரும்பாலும் அதைப் பிரித்து வைப்பதில்தான்.

குறையையும் சொல்ல வேண்டும். கடையில் கிடைக்கும் சூப்பர் கெப்பாசிட்டரில், அதே எடை லித்தியம் பேட்டரியில் பிடிப்பதில் பத்தில் ஒரு பங்குகூடப் பிடிக்காது. சும்மா வைத்தாலும் மெல்ல இறங்கிவிடும். வீடு முழுக்க விளக்கெரிய இது ஆகாது.

ஆனால் எனக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது பத்து நிமிட வெளிச்சம்தானே? கையால் சுற்றினால் ஒரு நிமிடத்தில் ஏறுகிற, பத்து வருடம் கெடாத ஒரு டார்ச். வளைகிற படலம் கைக்கடிகாரத்துக்கும் மடிக்கிற போனுக்கும் என்கிறார்கள். கிழவனின் ஊன்றுகோலைச் சுற்றி ஒட்டினால் என்ன?

காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார். சூப்பர் கெப்பாசிட்டர் ஆராய்ச்சி அங்கே நடக்கிறது. அங்குள்ளவர்களிடம் என் விண்ணப்பம் இதுதான்: எத்தனை தடவை வளைகிறது என்று சோதிக்கிறீர்கள், சரி. ஒரு மழைக்கால ராத்திரி கூக்காலுக்கும் கொண்டுவந்து சோதித்துப் பாருங்கள். காப்பி நான் தருகிறேன்.