கேட்குமுன் கூறிய தீர்ப்பு



கடந்த ஞாயிறு ஆராதனைக்குப் பின், நம் பிள்ளைகள் மாயாஜாலக் கதைகள் வாசிப்பதைச் சபை தடை செய்ய வேண்டும் என்று மூத்த சகோதரர் ஒருவர் கேட்டுக்கொண்டார். அவருடைய கவலை மெய்யானது. ஆயினும் அவர் கேட்கும் தடையை நான் எதிர்க்கிறேன். அதே தவறை நான் முன்பே செய்திருக்கிறேன்.

2005 ஜூலை 16 அன்று ஹாரி பாட்டர் வரிசையின் ஆறாம் நூல் வெளிவந்தது. அதன் முடிவில் ஸ்னேப் என்னும் ஆசிரியர், தம்மை நம்பிய தலைமையாசிரியர் டம்பிள்டோரைக் கொல்கிறார். அவர் துரோகியா, அல்லது கட்டளைக்குக் கீழ்ப்படிந்தவரா? 2007 ஜூலை 21 அன்று ஏழாம் நூல் வரும்வரை உலகெங்கும் இளம் வாசகர் இதையே விவாதித்தனர். கோட்டக்குப்பத்திலிருந்து புதுச்சேரிப் பள்ளிகளுக்குச் சென்றுவந்த நம் பிள்ளைகள் சிலரும் ஆலய வாசலில் வாதிட்டனர். ஒருவன் ஒரு பக்கத்தைச் சுட்டினான். ஒருத்தி முந்தைய நூலிலிருந்து சான்று காட்டினாள். "சூனியக் கதைக்கு இங்கே இடமில்லை" என்று நான் கடிந்துகொண்டேன். அவர்கள் வாசிப்பதை நிறுத்தவில்லை. என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.

பல ஆண்டுகளுக்குப் பின்னரே ஏழாம் நூலை வாசித்தேன். ஸ்னேப், டம்பிள்டோரின் வேண்டுகோளின்படியே செய்திருந்தார். ஹாரியின் பெற்றோர் கல்லறையில் 1 கொரிந்தியர் 15:26 வசனமும், டம்பிள்டோரின் தாயும் தங்கையும் துயிலும் கல்லறையில் மத்தேயு 6:21 வசனமும் பொறிக்கப்பட்டிருந்தன. இவ்விரண்டும் கதைவரிசை முழுவதன் சாரம் என்னும் பொருள்பட நூலாசிரியை ரௌலிங் 2007 அக்டோபரில் கூறினார். மரணத்தையும் உயிர்த்தெழுதலையும் குறித்து அப்பிள்ளைகளோடு பேசக் கிடைத்த நல்வாய்ப்பை, வாசியாமலே இழந்துபோனேன்.

"வேதம் சூனியத்தை விலக்குகிறதே" என்பீர்கள். ஆம், உபாகமம் 18 அதைச் செய்பவர்களைத் தெளிவாகக் கண்டிக்கிறது. ஆனால் சவுல் எந்தோரில் அஞ்சனம் பார்க்கிற ஸ்திரீயிடம் போன வரலாறு 1 சாமுவேல் 28-இல் இருக்கிறது. அதைப் பிள்ளைகளுக்கு நாமே கற்பிக்கிறோம். தீமையைக் குறித்து வாசிப்பது வேறு, தீமையைச் செய்வது வேறு.

பவுல் போதித்ததையும் வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்த பெரோயா பட்டணத்தாரை அப்போஸ்தலர் 17:11 மெச்சுகிறது. ஒரு கதாபாத்திரத்தின் உள்ளத்தை அறியப் பக்கம் பக்கமாகச் சான்று தேடும் பிள்ளைக்கு அந்தப் பழக்கம் ஏற்கெனவே உண்டு. அவளிடம் கேளுங்கள்: யூதாஸ் காட்டிக்கொடுத்தான், அதே இரவில் பேதுரு மறுதலித்தான், பேதுரு மட்டும் எழுந்தது எப்படி? அவள் வேதத்தைத் திறப்பாள்.

பெற்றோரே, நூலைப் பறிக்குமுன் வாசியுங்கள். தகாதது என்று கண்டால், காரணம் கூறி மறுங்கள். காரியத்தைக் கேட்குமுன் பதில் கூறுகிறவனை நீதிமொழிகள் 18:13 மதியீனன் என்கிறது. அன்று ஆலய வாசலில் நின்ற மதியீனன் நானே.

பிள்ளைகளுக்குச் செவிகொடுக்கும் பொறுமையைக் கர்த்தர் நமக்கு அருளுவாராக. ஆமென்.