நார் மெல்லியதுதான், பிடி எங்கே?

மரக்காணம் உப்பளத்தில் பாத்தி மிதிப்பவர்களின் கால்களை ஒருமுறை பார்த்தவர்களுக்கு என் எரிச்சல் புரியும். வெடித்த குதிகால், ஆறாத விரலிடுக்குப் புண். கூடவே சர்க்கரையும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். இந்தக் கால்களுக்கெல்லாம் விடிவு வந்துவிட்டது என்ற பேச்சு கருத்தரங்குகளிலும் அறிவியல் பக்கங்களிலும் அடிபடுகிறது. பாலிமர் கரைசலை ஊசிமுனையில் நிறுத்தி, பத்துப் பதினைந்தாயிரம் வோல்ட் கொடுத்து இழுத்தால், தலைமுடியைவிட நூறு மடங்கு மெல்லிய நார் வரும். அது உடலின் இயற்கை வலையைப் போலவே இருக்கும். அதில் புண்ணாற்றும் புரதத்தை வைத்தால் வேண்டிய அளவில், வேண்டிய நாள்வரை கசியும். பேச்சு இவ்வளவுதான்.

மின்நூற்பு எனப்படும் இது புத்தம் புது நுட்பம் என்பதை முதலில் தள்ளிவிடலாம். ஆன்டன் ஃபார்ம்ஹால்ஸ் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றது 1934இல்.

இயற்கை வலை போல என்கிறார்கள். தடிமனில் சரி. ஆனால் அந்த வலையின் முதன்மைப் புரதமான கொலாஜனைக் கரைத்து நூற்கப் பெரும்பாலும் ஃப்ளூரின் கலந்த கடுமையான கரைப்பான்களைத்தான் பயன்படுத்துகிறார்கள். அவற்றில் கொலாஜனின் முப்புரி முறுக்கு அவிழ்ந்துவிடுகிறது. இது ஜெலட்டின் செய்வதற்கான விலையுயர்ந்த வழிதானோ என்று 2008இல் 'பயோமெட்டீரியல்ஸ்' இதழில் ஒரு கட்டுரை தலைப்பிலேயே கேட்டது. தோலிலிருந்து கொலாஜன் எடுத்துப் பழகிய அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையத்துக்காரர்களுக்கு இந்த ஐயம் வியப்பாக இருந்திருக்காது. இன்னொன்று, நார்கள் நெருங்கிப் படிவதால் செல்கள் உள்ளே நுழைய முடியாமல் மேலேயே தங்கிவிடும். அதற்கு ஆய்வகங்களில் ஒரு கைவைத்தியம் உண்டு: நூற்கும்போதே உப்புப் பரல்களைத் தூவி, பிறகு நீரில் கரைத்து வெளியேற்றித் துளை உண்டாக்குவது. உப்பளத்துக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள்.

பெரிய தகராறு 'வேண்டிய அளவில்' என்ற சொல்லில்தான். உப்பளத்தில் கடல்நீர் பாத்தி பாத்தியாக நாள்கணக்கில் இறுகுகிறது. ஜிப்சம் முன்னதாகப் படிந்துவிட, ஏறத்தாழ 25 டிகிரி போமே அடர்த்தியில் உப்பு பூக்கிறது. ஒவ்வொன்றுக்கும் நேரம் கிடைக்கிறது. ஊசிமுனையிலிருந்து பாயும் இழையோ ஒரு நொடிக்கும் குறைவான பொழுதில் உலர்ந்துவிடுகிறது. நீரை விரும்பும் புரதம் எண்ணெய்ப்பசையான பாலிமரோடு ஒட்டாமல் விலகும், மின்புலமும் அதை வெளியே தள்ளும். ஆகவே பெரும்பகுதி நாரின் மேற்பரப்பிலேயே நிற்கும். ஈரம் பட்டதும் முதல் நாளிலேயே பெருவாரியாகக் கொட்டும். மிச்சம் உள்ளே மாட்டிக்கொண்டு வருவேனா என்னும். புரதத்தை நடுவிலும் பாலிமரை உறையாகவும் வைத்து நூற்றால் இது குறைகிறது, மறுக்கவில்லை. ஆனால் அப்போது வேலை செய்வது உறை. மெல்லிய நாருக்கு அந்தப் பெருமை சேராது.

வெளியே வந்த புரதம் உயிர்ப்போடு வந்ததா என்பதையும் கேட்க வேண்டும். எத்தனை நானோகிராம் கசிந்தது என்று வரைபடம் போடுவது எளிது. கரைப்பானும் நீர்-எண்ணெய் எல்லையும் மடிப்பைக் குலைத்த புரதமும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். செல்களின் மேல் வைத்துப் பார்க்காத வரைபடத்தை நான் பாதிதான் நம்புவேன்.

மருத்துவமனைக்கு வந்துவிட்டது என்பார்கள். வந்தவை எவை? சர்க்கரைக் கால் புண்ணுக்கு 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரெக்ரானெக்ஸ் வெறும் ஜெல். 2002இன் இன்ஃப்யூஸ் எலும்புப் புரதம் கொலாஜன் பஞ்சில் வருவது. ஒரு மில்லிலிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற அந்த அளவு, நானோகிராமில் கணக்கு வைக்கும் உடலுக்கு வெள்ளம். கழுத்து முதுகெலும்பில் பயன்படுத்தியபோது வீக்கம் மூச்சுக்குழலை நெரிக்கிறது என்று 2008இல் எச்சரிக்கை வந்தது. ஆக, கட்டுப்பாடு வேண்டும் என்பதில் எனக்குச் சண்டையில்லை. மின்நூற்பில் செய்து 2017இல் அனுமதி பெற்ற ரெஸ்ட்ராட்டா காய வலையும் நல்ல பொருள்தான். அதில் புரதமே கிடையாது.

தஞ்சை சாஸ்திராவில் நானோ நார்களோடு பொறுமையாக உழைப்பவர்கள் இருக்கிறார்கள். இந்த மறுப்பு அவர்களுக்கு எதிரானதல்ல, அவர்கள் வேலையை முடிந்த கதையாக மேடையில் சொல்பவர்களுக்கு.

இன்று நம்பிக்கை தரும் வழி, நாரில் ஹெபாரின் என்ற மூலக்கூறைக் கோத்து, வளர்ச்சிக் காரணி எனப்படும் அந்தப் புண்ணாற்றும் புரதத்தை மின்னேற்றத்தால் பிடித்துவைப்பது. ஆய்வகத்தில் இதைச் சோதிக்கும் நீரில் லிட்டருக்கு 8 கிராம் உப்பு. அதே ஆய்வகத்தில் ஹெபாரினிலிருந்து அந்தப் புரதத்தைக் கழற்ற வேண்டுமென்றால் என்ன செய்வார்கள்? அடர்ந்த உப்புக் கரைசலால் கழுவுவார்கள். மரக்காணத்துப் பாத்தியில் உப்பு பூக்கும் நேரத்தில் ஒரு லிட்டர் நீரில் கால் கிலோவுக்கும் மேல் உப்பு. வெறுங்காலோடு அதில்தான் மணிக்கணக்கில் நிற்கிறார்கள்.