காய வைத்தால் போகாது இந்த நஞ்சு

"ஒரு நாள் வெயில்ல காயப்போட்டு வச்சா சரியாப் போச்சு." பூசணம் பிடித்த புண்ணாக்குக்கு எங்கள் ஏர்வாடிப் பக்கம் சொல்லும் வைத்தியம் இது. இயற்கை உழவர்களும் இதையே சொல்வதுதான் எனக்கு ஆற்றாமை.

காய்ந்தால் பூசணம் அடங்கும். அது விட்டுப்போன அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு அங்கேயே இருக்கும். கொதிக்க வைத்தாலும் போகாது. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்ததற்குக் கடலைப் புண்ணாக்கிலிருந்த இந்த நஞ்சுதான் காரணம். 1974-ல் குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் பூசணம் பிடித்த மக்காச்சோளம் தின்று நூறு பேருக்கு மேல் இறந்தார்கள்.

மாடு தின்றால் இதில் ஒரு பங்கு பாலில் இறங்கும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-ல் வெளியிட்ட பால் ஆய்வில், தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் 88-ல் இது அளவை மீறியிருந்தது. நாட்டிலேயே நாம்தான் முதலிடம்! இது யாரும் பாலில் கலந்ததல்ல. தீவனம் வழியே வந்தது.

"யூரியா போடலை, மருந்து அடிக்கலை, எங்க பால் சுத்தம்" என்கிறோம். பூசணத்துக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஈரமும் புழுக்கமும் இருந்தால் போதும். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் கடற்கரையில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. மூட்டையைச் சிமெண்டுத் தரையில் சுவரோடு சாய்த்து வைத்தால் அடிப்பக்கம் கட்டி கட்டியாகிவிடும். பனங்கட்டை மேல், சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள். மழைக்காலத்தில் மாதக் கணக்கில் வாங்கிச் சேர்க்காதீர்கள். வைக்கோல் படப்புக்கும் இதே கதைதான்.

செக்கு விஷயத்தைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். நல்ல பருப்பை விதைக்கும் வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு, சொத்தையும் சுருங்கலும் கறுத்ததுமாகச் செக்குக்கு அனுப்பும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. நஞ்சு அதிகம் இருப்பதே அந்தப் பருப்பில்தான். ஆட்டினால் அதில் பெரும்பகுதி எண்ணெயோடு போகாமல் புண்ணாக்கில் தங்கிவிடும். அதைக் கொண்டுவந்து கறவை மாட்டுக்கு வைக்கிறோம். கறுத்த பருப்பைக் குழி தோண்டிப் புதையுங்கள், நட்டம் கொஞ்சம்தான். "மாட்டுக்கு ஆகாதுன்னா கோழிக்குப் போடு" என்பதும் வேண்டாம். கோழியும் வாத்தும் மாட்டைவிடச் சீக்கிரம் ஈரல் கெட்டுச் சாகும். கெட்ட தீவனத்தை நிறுத்தினால் சில நாளில் பால் தெளியும் என்பது ஓர் ஆறுதல்.

பூசணம் கண்ணுக்குத் தெரியாத மூட்டையிலும் நஞ்சு இருக்கலாம். கலப்புத் தீவனத்துக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பு வைத்த வரம்பு கிலோவுக்கு 20 மைக்ரோகிராம். அதைச் சோதிக்க நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவன ஆய்வகம் இருக்கிறது. ஒற்றை மாட்டுக்காரருக்கு அந்தச் செலவு பாரம். சேர்ந்து புண்ணாக்கு வாங்கும் நம் குழுக்கள் லோடுக்கு ஒரு மாதிரி அனுப்பி, முடிவு வந்த பிறகு பிரித்துக் கொடுத்தால் என்ன? அடுத்த கூட்டத்தில் இதைத்தான் கேட்கப்போகிறேன்.